ஃபிரான்டிஷெக் சிமாண்டில்: ஆர்கெஸ்ட்ராவின் பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேற்கத்திய செவ்வியல் இசையைச் சேர்ந்து கேட்கும் நண்பர்களும், டபுள் பேஸ் (ஆர்கெஸ்ட்ராவில் வில்லால் வாசிக்கும் மிகப் பெரிய, மிகத் தாழ்ந்து ஒலிக்கும் தந்திக் கருவி) கற்கத் தொடங்கிய சில மாணவர்களும் சிமாண்டிலைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் மீண்டும் சொல்லாமல் இருக்க முயன்றிருப்பதால், முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

சிமாண்டில் என்பது ஒரு புத்தகத்தின் பெயரா, ஆளின் பெயரா?

ஆளின் பெயர்தான். டபுள் பேஸ் மாணவர்கள் "சிமாண்டில் எடுத்துவா", "சிமாண்டிலில் எந்தப் பக்கம்" என்று பேசிப் பேசி, மனிதர் மறைந்து புத்தகம் மட்டும் நின்றுவிட்டது. ஃபிரான்டிஷெக் சிமாண்டில் 1840 ஆகஸ்ட் 1 அன்று இன்றைய செக் குடியரசின் தெற்கு பொஹீமியாவில் உள்ள பிளாட்னா என்ற சிற்றூரில் பிறந்தார். 1912 டிசம்பர் 15 அன்று வியன்னாவில் காலமானார். வியன்னா அரசவை ஓபராவின் ஆர்கெஸ்ட்ராவில் முதன்மை டபுள் பேஸ் கலைஞராக இருந்தார். 1869 முதல் 1910 வரை, அதாவது நாற்பத்தோரு ஆண்டுகள், வியன்னா இசைக் கல்லூரியில் கற்பித்தார். இன்றும் உலகெங்கும் பயன்படும் டபுள் பேஸ் பயிற்சி நூல் அவர் எழுதியது.

டபுள் பேஸ் என்பது பெரிய சைஸ் செல்லோதானே?

தோற்றத்தை வைத்து அப்படித் தோன்றும். ஆனால் வாசிப்பவரின் கைக்கு இரண்டும் வேறு வேறு கருவிகள். வயலின், வயோலா, செல்லோ மூன்றிலும் அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே ஸ, ப என்ற இடைவெளி இருக்கும். டபுள் பேஸில் அது ஸ, ம என்ற இடைவெளியாகச் சுருங்கும். கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி என்பவை அதன் நான்கு கம்பிகள். தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஈ கம்பியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41 மட்டுமே. பேஸ் கிட்டாருக்கும் இதே நான்கு சுரங்கள்தான் என்றாலும் அதன் விரல்பலகையில் இடத்தைக் காட்டும் உலோகக் கட்டைகள் உண்டு. டபுள் பேஸில் அப்படி எதுவும் இல்லை; இடத்தைக் கையே அறிந்திருக்க வேண்டும்.

அட்டையில் ஃபிரான்ஸ் என்று இருக்கிறதே. அவர் செக் நாட்டவரா, ஆஸ்திரியரா?

ஃபிரான்டிஷெக் என்ற செக் பெயரின் ஜெர்மன் வடிவம் ஃபிரான்ஸ். அவர் வாழ்ந்த காலம் முழுவதும் பொஹீமியா ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஒரு பகுதியாகவே இருந்தது. செக்கோஸ்லோவாக்கியா 1918இல்தான் பிறந்தது. வியன்னாவில் வேலை செய்து ஜெர்மன் மொழியில் நூல் வெளியிட்ட ஒருவரின் பெயர் ஜெர்மன் வடிவில் அச்சானது அன்றைய வழக்கம். பிறந்த மண்ணாலும், கற்ற கல்லூரியாலும், குரு மரபாலும் அவரைச் செக் கலைஞர் என்று சொல்வதே சரி என்பது என் கருத்து. பணியாற்றிய இடம் மட்டுமே வியன்னா.

அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பிராகா இசைக் கல்லூரியில் யோசெஃப் ஹ்ரபியெ. இந்த மரபை இன்னும் ஒரு படி பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கியது 1811இல். அங்கே முதல் டபுள் பேஸ் ஆசிரியராக இருந்தவர் வென்ஸெல் ஹௌசே. பயிற்சி நூல் எழுதியவர். ஹ்ரபியெயின் ஆசிரியரும் அவரே. ஹ்ரபியெ தம் பங்குக்கு எழுதிய எண்பத்தாறு பயிற்சிகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஆக, சிமாண்டில் வியன்னாவுக்கு வரும்போதே இரண்டு தலைமுறை ஆசிரியர்களின் அனுபவம் அவர் கையில் இருந்தது. பின்னால் வரும் சில கேள்விகளுக்கு இதுவே திறவுகோல்.

பொஹீமியாவிலிருந்து மட்டும் இத்தனை பேஸ் கலைஞர்கள் வந்தது எப்படி?

பிராகா கல்லூரி தொடங்கப்பட்டதன் நோக்கத்தில் பெரும்பகுதி விடை இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராக்களுக்கு நல்ல வாசிப்பாளர்கள் கிடைக்கவில்லை என்ற குறையைத் தீர்க்கவே பிரபுக்கள் சேர்ந்து அதை நிறுவினார்கள். எனவே அங்கே வயலினுக்குக் கிடைத்த அதே கவனம், மற்ற ஊர்களில் யாரும் முறையாகக் கற்பிக்காத டபுள் பேஸுக்கும் ஹார்னுக்கும் கிடைத்தது. வேறு இடங்களில் செல்லோ வாசிப்பவர் தேவைக்காகப் பேஸுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், பிராகாவில் பேஸை மட்டுமே படித்து முடித்த இளைஞர்கள் வெளியே வந்தார்கள். அவர்களை அழைத்துக்கொள்ள வியன்னா ஓபரா முதல் ரஷ்யா வரை இடம் இருந்தது. ஹ்ரபியெயின் மாணவர்களில் ஒருவரான யோசெஃப் ராம்பௌசெக் மாஸ்கோவுக்குச் சென்றார். பிற்காலத்தில் பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநராகப் புகழ்பெற்ற செர்கெய் கூசெவிட்ஸ்கி அங்கே அவரிடம் டபுள் பேஸ் கற்றவர்.

அவர் வாசித்தது வியன்னா ஓபராவிலா, வியன்னா பில்ஹார்மோனிக்கிலா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் ஒரே மனிதர்களைக் கொண்டவை. ஓபரா அரங்கின் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் இரவுதோறும் வாசிப்பவர்களே கூடித் தாங்களாக நடத்திக்கொள்ளும் கச்சேரி அமைப்புதான் வியன்னா பில்ஹார்மோனிக். ஓபராவில் இடம் பெறாதவர் அதில் உறுப்பினராக முடியாது. இந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

சிமாண்டில் வந்த நேரமும் கவனிக்கத்தக்கது. வியன்னாவின் புதிய ஓபரா அரங்கம் 1869 மே மாதத்தில் திறக்கப்பட்டது. பில்ஹார்மோனிக் வாசிக்கும் மியூசிக்ஃபெரைன் கட்டடம் 1870 ஜனவரியில் திறக்கப்பட்டது. அவர் கற்பித்த கல்லூரியும் அதே கட்டடத்தில்தான் இயங்கியது. புதிய இரு அரங்குகளோடு அவருடைய வியன்னா வாழ்க்கை தொடங்கியது என்று சொல்லலாம்.

பின்வரிசையில் நிற்கிறவர்களுக்கு "முதன்மைக் கலைஞர்" என்ன வேலை செய்வார்? எல்லோரும் ஒரே சுரத்தைத்தானே வாசிக்கிறார்கள்?

ஒரே சுரத்தை எட்டுப் பேர் வாசிக்கும்போது அது எட்டாகக் கேட்காமல் ஒன்றாகக் கேட்கச் செய்வதே அந்த வேலை. வில்லை எந்தத் திசையில் இழுப்பது, எந்தக் கம்பியில் வாசிப்பது, எந்த இடத்தில் வில்லை நிறுத்துவது என்பதை முதன்மைக் கலைஞர் முடிவு செய்து தாளில் குறிப்பார். மற்றவர்கள் அதைப் பின்பற்றுவார்கள். தடித்த கம்பி வில்லுக்குச் சற்றுத் தாமதமாகவே விழித்தெழும். அதனால் பேஸ் பிரிவினர் நடத்துநரின் கோலைப் பார்த்து அதே கணத்தில் தொடங்கினால் காதுக்குப் பிந்தியே கேட்கும். அந்த மயிரிழை முன்னெடுப்பை எட்டுப் பேரும் ஒன்றாகச் செய்வதற்கு முன்னே நிற்கும் முதன்மைக் கலைஞரின் தோளையும் மூச்சையும் கவனிக்கிறார்கள்.

சுருதியிலும் இதே கதைதான். மேலே உள்ள அத்தனை கருவிகளும் தங்கள் சுருதியைப் பேஸின் மீதுதான் நிறுத்துகின்றன. அடித்தளம் அரைக்கால் சுருதி தாழ்ந்தால், வயலின்கள் சரியாக வாசித்தாலும் தவறாகக் கேட்கும். இந்தப் பொறுப்பைச் சுமந்த ஒருவர் பயிற்சி நூல் எழுதினால் எதற்கு முதலிடம் தருவார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இருந்த காலத்தில் அந்த ஆர்கெஸ்ட்ரா என்னென்ன வாசித்தது?

ஹான்ஸ் ரிக்டர் 1875 முதல் 1898 வரை பெரும்பாலும் நடத்தினார். பிறகு குஸ்டாவ் மாலர் வந்தார். பிராம்ஸின் இரண்டாம் சிம்பொனி 1877 டிசம்பரிலும், மூன்றாம் சிம்பொனி 1883 டிசம்பரிலும், புரூக்னரின் எட்டாம் சிம்பொனி 1892 டிசம்பரிலும் முதன்முதலாக ஒலித்தது ரிக்டரின் கீழ் இந்த ஆர்கெஸ்ட்ராவில்தான். ஓபராவில், நான்கு ஓபராக்களின் தொடரான வாக்னரின் 'ரிங்' 1870களின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. அதன் முதல் பகுதியான 'ரைன்கோல்ட்' தொடங்கும்போது டபுள் பேஸ்கள் ஒரே ஈ-ஃபிளாட் (ஈ-யைவிட அரை சுரம் தாழ்ந்தது) சுரத்தைப் பிடித்தபடியே இருக்க, அதன் மேல் 136 தாளக் கட்டங்கள் மெல்ல மெல்ல எழும்பும். அந்தச் சுரம் சாதாரண ஈ கம்பிக்கு எட்டாதது என்பதால் பாதிப் பேர் கம்பியைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்று வாக்னர் எழுதியிருக்கிறார்.

வெர்டியின் 'ஒத்தெல்லோ' 1887இல் மிலானில் அரங்கேறியது. அதன் கடைசி அங்கத்தில், உறங்கும் மனைவியைக் கொல்ல ஒத்தெல்லோ அறைக்குள் நுழையும்போது, டபுள் பேஸ்கள் மட்டும் தனியே வாசிக்கும் ஒரு பகுதி வருகிறது. "நான்கு கம்பி உள்ள பேஸ்கள் மட்டும்" என்று வெர்டி குறிப்பு எழுதினார். இத்தாலியில் அப்போது மூன்று கம்பிப் பேஸ்கள் பரவலாக இருந்ததே காரணம். கீழ் ஈ-யில் தொடங்கி மேலே ஏறிப்போகும் அந்த வரியில் ஒருவர் பிசகினாலும் அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும். பேஸ் கலைஞர்களிடம் இசையமைப்பாளர்கள் எதிர்பார்த்தது எவ்வளவு வேகமாக உயர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கையில் நான்கு விரல் இருக்கும்போது மூன்றாவது விரலை ஏன் தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறார் சிமாண்டில்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டால் விடை எளிதில் விளங்கும். டபுள் பேஸில் கம்பியின் ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். கம்பியின் தொடக்கத்தை ஒட்டி, அரை சுரம் தள்ளி முதல் விரலை வைக்கிறீர்கள். அங்கிருந்து ஒரு முழு சுரம் மேலே உள்ள இடம் ஏறத்தாழ 10.8 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. இதே முழு சுரம் வயலினில் மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். செல்லோவில் நான்கு விரல்களும் சேர்ந்து ஒன்றரை சுரத்தை எட்டும். அங்கே அந்த விரிப்பு ஏறத்தாழ 10.4 சென்டிமீட்டர். ஆக, செல்லோக்காரரின் கை ஒன்றரை சுரத்துக்கு விரியும் அளவில் டபுள் பேஸில் ஒரு சுரம்தான் கிடைக்கிறது. செல்லோவின் விரல் முறையை அப்படியே கொண்டுவந்தால் கை 15.8 சென்டிமீட்டர் விரிய வேண்டும். ஒருமுறை விரிக்கலாம், நான்கு மணி நேர வாக்னர் ஓபரா முழுவதும் விரித்துக்கொண்டிருக்க முடியாது.

எனவே கீழ்ப் பகுதியில் முதல் விரல், இரண்டாம் விரல், நான்காம் விரல் ஆகியவை அரை அரை சுரம் தள்ளி நிற்கின்றன. மூன்றாம் விரல் நான்காம் விரலுக்குத் துணையாக அதன் பக்கத்திலேயே கம்பியை அழுத்துகிறது. சுண்டுவிரல் தனியே அந்தத் தடித்த கம்பியை அடக்கத் திணறும். மோதிர விரலின் பலம் சேர்ந்தால் சுரம் உறுதியாக நிற்கும். ஆகவே மூன்றாம் விரல் ஒதுக்கப்படவில்லை, வேறு வேலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மேலே போகப் போக இடைவெளி சுருங்கும். ஒரு ஸ்தாயி ஏறியபின் முழு சுரம் 5.7 சென்டிமீட்டர்தான். அங்கே மூன்றாம் விரல் தனியே இயங்குகிறது, கட்டைவிரலும் கம்பியின் மேல் ஏறிக்கொள்கிறது.

சரி, ஆனால் இத்தனை "நிலைகள்" எதற்கு? அரை நிலை, இடைநிலை என்று தலை சுற்றுகிறது.

முந்தைய பதிலிலிருந்தே இது பிறக்கிறது. கை ஓரிடத்தில் நின்றால் ஒரு கம்பியில் மூன்று சுரங்கள்தான் அகப்படும். ஜி கம்பியில் அரை நிலை என்றால் ஜி-ஷார்ப், ஏ, பி-ஃபிளாட். முதல் நிலைக்கு நகர்ந்தால் ஏ, பி-ஃபிளாட், பி. இரண்டாம் நிலையில் பி-ஃபிளாட், பி, சி. இப்படி அரை சுரமாகக் கை நகரும் ஒவ்வோர் இடத்துக்கும் சிமாண்டில் பெயர் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி எழுதினார். அடுத்த நிலைக்குப் போகும் முன், இருக்கும் நிலையில் நான்கு கம்பிகளிலும் கை பழகிவிட வேண்டும்.

தொடக்கத்தில் இது சலிப்பூட்டும் என்பதை மறுக்க மாட்டேன். நீண்ட சுரங்கள், மெதுவான வில், பக்கம் பக்கமாக ஒரே இடம். ஆனால் விரல்பலகையில் எந்த அடையாளமும் இல்லாத ஒரு கருவியில், இருட்டில் வீட்டுக்குள் நடப்பதுபோல் கை தானே வழி அறிய வேறு குறுக்குவழி கிடையாது.

இந்த விரல் முறை அவருடைய கண்டுபிடிப்பா?

தனியொருவரின் கண்டுபிடிப்பு என்று சொல்வது ஹௌசேக்கும் ஹ்ரபியெக்கும் செய்யும் அநீதி. பிராகாவில் வகுப்பறைக்குள் வளர்ந்த பழக்கத்தைச் சிமாண்டில் முழுமையான பாடத்திட்டமாக்கினார். முதல் பகுதி ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கப் போகிறவருக்கு. இரண்டாம் பகுதி தனிக் கச்சேரி வாசிக்க விரும்புகிறவருக்கு. இடையிடையே ஆர்கெஸ்ட்ரா இசையில் உண்மையில் வரும் கடினமான வரிகளைச் சேர்த்தார். இவற்றோடு முப்பது பயிற்சிகள் கொண்ட தனித் தொகுதியும், மேல்நிலை மாணவர்களுக்கான இருபத்துநான்கு பயிற்சிகளும் எழுதினார்.

வியன்னாவின் சூழலும் இதற்குக் காரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நகரத்தில் டபுள் பேஸுக்கு வேறொரு சுருதி அமைப்பு இருந்தது; ஹைடன் காலத்துத் தனிக் கலைஞர்கள் அதில் வியக்கத்தக்க கச்சேரிகள் செய்தார்கள். அந்த அமைப்பு வழக்கொழிந்தபோது அதற்கான வாசிப்புக் கலையும் போய்விட்டது. ஈ, ஏ, டி, ஜி என்ற புதிய அமைப்புக்கு ஒரு முழுமையான கல்வி தேவைப்பட்டது. சிமாண்டில் அந்த இடத்தை நிரப்பினார்.

வில்லை அடியிலிருந்து பிடிக்கிறார்களே, அதுவும் அவர் கொண்டுவந்ததா?

இல்லை. உள்ளங்கை மேல்நோக்கியபடி வில்லை அடியிலிருந்து பிடிப்பது காம்பா என்ற பழைய வில் கருவியின் வாசிப்பு விட்டுச்சென்ற எச்சம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலும் பொஹீமியாவிலும் அது தொடர்ந்து வந்தது. செல்லோ போல் மேலிருந்து பிடிக்கும் பிரெஞ்சு வில் மற்றொரு மரபு. சிமாண்டில் கற்பித்தது முதல் வகை. அவருடைய நூல் பரவிய இடங்களுக்கெல்லாம் அந்தப் பிடியும் பரவியதால் சிலர் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். விரல் முறையைப் பின்பற்ற எந்த வில்லும் தடையில்லை.

பொட்டெசீனி பெரிய ஆளா, சிமாண்டில் பெரிய ஆளா?

ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் கேள்வி ஓயாமல் வருகிறது. ஜொவான்னி பொட்டெசீனி இத்தாலியர், மூன்று கம்பிப் பேஸில் பறவைபோல் வாசித்த தனிக் கலைஞர், ஓபரா நடத்துநர். மக்கள் சீட்டு வாங்கி அவரைக் கேட்க வந்தார்கள். சிமாண்டிலைக் கேட்க யாரும் தனியே சீட்டு வாங்கவில்லை. வெர்டியையும் பிராம்ஸையும் கேட்க வந்தவர்கள் அவரையும் கேட்டார்கள். பொட்டெசீனியின் வாசிப்பு அவரோடு முடிந்தது. அவருடைய இசைப்படைப்புகள் நின்றன. சிமாண்டிலிடமிருந்து நின்றது, பிறருடைய இடது கை.

அவருடைய மாணவர்கள் யாரெல்லாம்? அமெரிக்காவில் ஏன் அவர் பெயர் இவ்வளவு பிரபலம்?

வியன்னாவில் அவருடைய மாணவர்கள் பலர் அவரோடு அதே ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார்கள். அமெரிக்கத் தொடர்பு லுட்விக் மானொலி என்ற மாணவர் வழியாக வந்தது. அவர் நியூயார்க்கில் கற்பித்தார். அவரிடம் பயின்ற ஹெர்மன் ரைன்ஷாகனிடம் கற்றவர்கள் ஃபிரெடெரிக் ஸிம்மர்மனும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டபுள் பேஸைத் தனிக் கருவியாகவே வாசித்து வாழ்ந்த கேரி காரும். சிமாண்டிலின் நூலை அமெரிக்க மாணவர்களுக்காகப் பதிப்பித்தவர் ஸிம்மர்மன். முந்தைய கேள்வியில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினோம். தனிக் கச்சேரிக்கு என்றே வாழ்ந்த கேரி காரின் குரு மரபில் சிமாண்டில் இருப்பதை இங்கே கவனியுங்கள்.

அந்த முறை பழசாகிவிட்டது, ராபத் முறைதான் சிறந்தது என்கிறார்களே?

அலெப்போவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஃபிரான்சுவா ராபத், விரல்பலகை முழுவதையும் ஆறே நிலைகளாகப் பிரித்தார். கட்டைவிரலை ஊன்றியபடி கையைச் சாய்த்தும் திருப்பியும், நிலை மாறாமலே கூடுதல் சுரங்களை எட்டுவது அவர் வழி. வேகமான வரிகளுக்கும் தனிக் கச்சேரிக்கும் அது தரும் சுதந்திரம் உண்மையானது. இத்தாலியில் இசாயா பில்லே போன்றோர் கற்பித்த ஒன்று, மூன்று, நான்கு என்ற விரல் முறையும் உண்டு.

சிமாண்டில் முறை மீதான விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது: கை அடிக்கடி இடம் மாற வேண்டியிருக்கிறது, மேல் பகுதிக்கு மாணவர் தாமதமாகவே போய்ச் சேர்கிறார். ஆனால் எட்டுப் பேர் ஒரே சுருதியில் நிற்க வேண்டிய ஆர்கெஸ்ட்ராவின் தேவைக்காக எழுதப்பட்ட முறை அது என்பதை மறந்துவிட்டுக் குறை சொல்வது சரியல்ல. இன்று பல ஆசிரியர்கள் கீழ்ப் பகுதிக்குச் சிமாண்டிலையும், கை தேறியபின் ராபத்தையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். எனக்கு அது நல்ல வழியாகப் படுகிறது.

ஆசிரியர் இல்லாமல் அந்த நூலை வைத்து மட்டும் கற்கலாமா? ஜாஸ் வாசிக்கவும் உதவுமா?

ஜாஸுக்கு உதவும், வில் இல்லாமல் விரலால் மீட்டும் கலைஞர்கள் பலரும் இடது கைக்கு இந்த முறையில்தான் பழகியிருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாமல் தொடங்குவதை மட்டும் நான் ஊக்குவிக்க மாட்டேன். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதை நூல் சொல்லும். மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, கட்டைவிரல் கருவியின் கழுத்துக்குப் பின்னால் இறுகுகிறதா என்பதை அருகில் நிற்பவர்தான் சொல்ல முடியும். மேலே சொன்ன 10.8 சென்டிமீட்டரைத் தவறான தோரணையில் தினம் இரண்டு மணி நேரம் விரிப்பது கைக்குக் கேடு.

அவருடைய மாணவர்களில் ஒருவரையாவது கேட்க வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆடால்ஃப் மிஷெக்கிலிருந்து. 1875இல் பொஹீமியாவின் மோட்லெதீன் என்ற ஊரில் பிறந்து, பதினைந்து வயதில் வியன்னாவுக்கு வந்து சிமாண்டிலிடம் சேர்ந்தவர். 1898இல் ஓபரா ஆர்கெஸ்ட்ராவில் இடம் பெற்றார். சிமாண்டில் ஓய்வு பெற்ற 1910இலிருந்து 1914 வரை அதே கல்லூரியில் கற்பித்தார். பேரரசு கலைந்தபின், 1920இல் பிராகாவுக்குத் திரும்பி, தேசிய அரங்கின் முதன்மை டபுள் பேஸ் கலைஞரானார். ஹ்ரபியெயின் பிராகாவில் தொடங்கிய மரபு ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே வந்து சேர்ந்தது.

டபுள் பேஸுக்கும் பியானோவுக்குமாக அவர் மூன்று சொனாட்டாக்கள் எழுதினார். ஈ மைனரில் உள்ள இரண்டாவதை முதலில் கேளுங்கள். அதிலும் மூன்றாம் பகுதியை. ஃபூரியன்ட் என்ற செக் நாட்டுப்புற ஆட்டம் அது. மூன்று மூன்றாக எண்ண வேண்டிய தாளத்தில் அழுத்தம் இரண்டு இரண்டாக விழுந்து, காலை ஒருகணம் தடுமாற வைத்து, பிறகு மீண்டும் மூன்றுக்குத் திரும்பும். முதலில் கைதட்டி எண்ணிப் பழகிக்கொண்டு, பிறகு ஹெட்ஃபோனில் கேட்டால் டபுள் பேஸ் எந்த இடத்தில் தாளத்தை மாற்றுகிறது என்பது தெளிவாகப் பிடிபடும்.